லிப்யூமெம் வாய் திறக்கவில்லை: ஓம்னிஓஎஸ்ஸில் ஒரு நினைவகப் பிழையைத் தேடியது

கேள்வி, 2024 பிப்ரவரி 6

அண்ணா, எடைமேடைச் சீட்டுகளைச் சேகரிக்கும் எங்கள் சி நிரல் லினக்ஸில் வாரம் ஒரு முறையாவது செத்து விழுந்துகொண்டிருந்தது. நினைவகப் பிழை பிடிக்கும் வால்கிரைண்டில் ஓட்டினால் வேகம் படுத்துவிடுகிறது, எடைமேடையிலிருந்து வரும் எண்கள் தவறிப்போகின்றன. அதனால் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையில் சேமிப்புக்காக வைத்திருக்கும் ஓம்னிஓஎஸ் (சோலாரிஸ் வழிவந்த இயங்குதளம்) பெட்டிக்கு நிரலை மாற்றினேன். நினைவக ஒதுக்கீட்டைக் காவல் காக்கும் லிப்யூமெம் நூலகத்தைப் போட்டு மூன்று வாரம் ஓட்டியாயிற்று. ஒரு எச்சரிக்கையும் இல்லை, விழவும் இல்லை. அப்படியென்றால் நிரல் சுத்தம், கோளாறு லினக்ஸ் பக்கம்தான் என்று எடுத்துக்கொள்ளலாமா?

2024 பிப்ரவரி 6, இரவு

கூடாது தம்பி. லிப்யூமெம் அமைதியாக இருப்பதற்குக் குறைந்தது நான்கு காரணங்கள் எனக்குத் தெரியும். "பிழை இல்லை" என்பது அதில் கடைசி.

முதலில் அது உண்மையிலேயே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் எண்ணைக் கொடுத்து பிஎல்டிடி அடித்தால், ஏறிய நூலகங்கள் வரிசையாக வரும். அதில் லிப்யூமெம் இருக்க வேண்டும். அடுத்தது பார்க்ஸ் கட்டளை, -இ சேர்த்து. அந்த நிரல் எந்தச் சூழல் மாறிகளோடு பிறந்தது என்று காட்டும். யூமெம்_டீபக் அங்கே இல்லையென்றால், லிப்யூமெம் ஏறியிருந்தாலும் அது வெறும் வேகமான மாலாக் (நினைவகம் கேட்டு வாங்கும் செயற்கூறு) மட்டும்தான். காவல் வேலை எதையும் செய்யாது.

முழுப் பாதை கொடுத்திருந்தீர்களா என்றும் பாருங்கள். 32-பிட் நூலகத்தின் முழுப் பாதையை 64-பிட் நிரலுக்குக் கொடுத்தால் இஎல்எஃப் வகுப்பு (32-பிட்டா 64-பிட்டா என்பது) பொருந்தவில்லை என்று, நூலகத்தை ஏற்றும் நிரல் திட்டும். கோப்பின் பெயரை மட்டும் கொடுத்தால் அதுவே சரியானதை எடுத்துக்கொள்ளும். நான் எப்போதும் எல்டி_ப்ரீலோட்_64 என்ற மாறியைத்தான் பயன்படுத்துவேன். நடுவில் ஓடும் 32-பிட் சில்லறை நிரல்கள் தொந்தரவுக்குள் வராது.

2024 பிப்ரவரி 7

நீங்கள் அனுப்பிய பார்க்ஸ் வெளியீட்டைப் பார்த்தேன். யூமெம் என்ற சொல்லே அதில் இல்லை. மூன்று வாரமும் நிரல் லிப்சி என்ற சாதாரண சி நூலகத்தின் மாலாக்கில்தான் ஓடியிருக்கிறது.

ஷெல்லில் மாறிகளை ஏற்றுமதி செய்துவிட்டு எஸ்விசிஅட்ம் ரீஸ்டார்ட் கொடுத்தேன் என்கிறீர்கள். இங்கேதான் லினக்ஸ் பழக்கமோ இல்லுமோஸ் (ஓம்னிஓஎஸ்ஸின் அடித்தளம்) பழக்கமோ எல்லோருக்கும் ஒருமுறை கால் இடறும். அந்தக் கட்டளை நிரலை நேரடியாகத் தொடுவதில்லை, சேவைகளை நிர்வகிக்கும் எஸ்எம்எஃப்பிடம் சொல்வதோடு சரி. சேவையைக் கிளப்புவது எஸ்எம்எஃப்பின் மறுதொடக்கி. அது தன் சூழலைத்தான் கொடுக்கும், உங்கள் ஷெல்லில் இருப்பது அதற்குத் தெரியவே தெரியாது.

எஸ்விசிசிஎஃப்ஜியில் சேவையைத் தேர்ந்து செட்என்வ் கொடுங்கள். எல்டி_ப்ரீலோட்_64 ஒன்று, யூமெம்_டீபக் ஒன்று, யூமெம்_லாகிங் ஒன்று. டீபக்குக்கு டீஃபால்ட், லாகிங்குக்கு டிரான்சாக்‌ஷன். பிறகு ரீஃப்ரெஷ், அதற்குப் பிறகுதான் ரீஸ்டார்ட். ரீஃப்ரெஷ் இல்லாமல் ரீஸ்டார்ட் செய்தால் பழைய படமே ஓடும். முடித்தபின் மறுபடி பார்க்ஸ் அடித்துக் கண்ணால் பாருங்கள்.

டீஃபால்ட் என்றால் மூன்று வேலை சேர்ந்து வரும். ஒவ்வொரு ஒதுக்கீட்டுக்கும் யார் கேட்டார்கள் என்ற ஸ்டாக் பதிவு, விடுவித்த துண்டின் உள்ளடக்கத்தில் கொஞ்சம், ஓரங்களில் காவல் பைட்டுகள். ஸ்டாக் ஆழம் போதவில்லையென்றால் ஆடிட்=30 என்று கூட்டிக்கொள்ளுங்கள், சாதாரணமாக அது 15.

2024 பிப்ரவரி 8

"இப்போது ஏறிவிட்டது, ஆனால் நிரல் தொடங்கிய நொடியே விழுகிறது. லிப்யூமெம்தான் கெடுக்கிறது."

விழுந்த இடத்தின் முகவரியைப் பாருங்கள். அதில் பேட்கஃபே என்று படிக்க முடிகிறதா? பதினாறடி (ஹெக்ஸ்) எண்ணில் பிஏடிடிசிஏஎஃப்இ. காவல் வேலை நடக்கும்போது, மாலாக் தரும் புதுத் துண்டு முழுவதையும் லிப்யூமெம் இந்தச் சொல்லால் நிரப்பித் தரும். ஃப்ரீ செய்து விடுவித்த துண்டில் டெட்பீஃப். துண்டின் கடைசிக்குப் பின்னால் ஃபீட்ஃபேஸ். மூன்றையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். எண்களிலேயே சொல் தெரிகிற மாதிரி வைத்தவர்கள் புண்ணியவான்கள், நடுராத்திரி இரண்டு மணிக்கும் கண் அதைத் தவறவிடாது.

பேட்கஃபே என்றால், மாலாக் செய்த ஒரு ஸ்ட்ரக்டில் ஏதோ ஒரு சுட்டியை நிரப்பாமலே படிக்கிறீர்கள். இதுவரை அங்கே அதிர்ஷ்டவசமாகப் பூஜ்யம் இருந்தது, நிரல் ஓடியது. லிப்யூமெம் கெடுக்கவில்லை தம்பி, அதிர்ஷ்டத்தை எடுத்துவிட்டது, அவ்வளவுதான். பூஜ்யம் நிரப்பித் தரும் காலாக் போடுங்கள், அல்லது அந்தச் சுட்டியில் நல் (வெற்று மதிப்பு) வையுங்கள். இது நீங்கள் தேடி வந்த பிழை இல்லை. ஆனாலும் பிழைதான்.

2024 பிப்ரவரி 8, சற்று நேரம் கழித்து

விழுந்த நொடியின் நினைவகப் படமான கோர் கோப்பு எங்கே என்று கேட்டால் இல்லை என்கிறீர்கள். கோர்அட்ம் என்று மட்டும் அடித்துப் பாருங்கள். வெறுமனே "கோர்" என்ற பெயரில் நடப்பு அடைவில் எழுதச் சொல்லியிருக்கும். சேவை ஓடும் பயனருக்கு அந்த அடைவில் எழுத அனுமதி இருக்காது. பொதுவான ஓர் இடத்தை, நிரல் பெயரும் எண்ணும் சேரும்படி கொடுத்து, குளோபல் கோரைத் திறந்துவிடுங்கள். நான் வார் அடைவுக்குள் கோர்ஸ் என்று ஒன்று வைத்திருக்கிறேன். அதற்குத் தனி இசட்எஃப்எஸ் தொகுதியும் அளவுக் கட்டுப்பாடும் போட்டிருக்கிறேன், கோர்கள் வட்டை நிரப்பினால் சேமிப்பே படுத்துவிடும்.

இது எனக்குச் சொந்த வலி. லிப்யூமெம் ஒரு தப்பைக் கண்டுபிடித்தால் நிரலை அபார்ட் செய்து நிறுத்திவிடும். ஆனால் வெர்போஸ் என்று சேர்த்துக் கேட்டால் ஒழிய திரையில் ஒன்றும் எழுதாது. எழுதுவதெல்லாம் நிரலின் நினைவகத்துக்குள்ளேயே ஒரு தாங்கியில். கோர் இருந்தால் எம்டிபி என்ற பிழைதேடும் கருவியில் திறந்து ::யூமெம்_ஸ்டேட்டஸ் அடித்தால் முழு வாக்குமூலமும் அங்கே இருக்கும். கோர் இல்லையென்றால் சாட்சியும் நிரலோடு போய்விடும். முதல் முறை லிப்யூமெம் தொட்டபோது ஒரு மாதம் இப்படித்தான் போனது. நிரல் சும்மா மறைந்துவிடுகிறது, எஸ்எம்எஃப் மறுபடி கிளப்பிவிடுகிறது, நான் வலைப்பின்னலைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

2024 பிப்ரவரி 11

ஏன் இப்படி ஊமையாகச் செய்தார்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தக் கருவி பிறந்த இடம் கர்னல். ஜெஃப் பான்விக், நினைவகத்தைப் பங்கிடும் ஸ்லாப் ஒதுக்கியைப் பற்றி 1994 கோடைக்கால யூசெனிக்ஸ் மாநாட்டில் எழுதினார், அது சன் நிறுவனத்தின் சோலாரிஸ் 2.4 கர்னலுக்குள் போனது. 2001-இல் அவரும் ஜோனதன் ஆடம்ஸும் சேர்ந்து அதை விரிவாக்கி, பயனர் நிரல்களுக்கும் லிப்யூமெம்மாகக் கொண்டுவந்த விதத்தை எழுதினார்கள். கர்னல் செத்தால் திரையில் எழுதுவதைவிட முழு நினைவகத்தையும் அப்படியே பிடித்து வைப்பதுதான் முக்கியம். பின்னால் உட்கார்ந்து நிதானமாகப் பிணப்பரிசோதனை செய்யலாம். அந்தப் புத்தியோடுதான் லிப்யூமெம்மும் இருக்கிறது. 2010 ஆகஸ்டில் ஓப்பன்சோலாரிஸிலிருந்து இல்லுமோஸ் கிளைத்தபோது இதுவும் எம்டிபியும் கூடவே வந்தன. ஓம்னிஓஎஸ், ஸ்மார்ட்ஓஎஸ், ஓப்பன்இண்டியானா, எதை எடுத்தாலும் தனியாக எதையும் நிறுவ வேண்டாம்.

வால்கிரைண்ட் வேறு ஜாதி. அது நிரலின் ஒவ்வொரு கட்டளையையும் தானே மொழிபெயர்த்து ஓட்டுகிறது. தப்பு நடந்த அந்த நொடியில் பிடிக்கும், ஆனால் நிரல் பல மடங்கு மெதுவாகும். எடைமேடை காத்திருக்காது என்று நீங்கள் சொன்னது சரிதான். சோலாரிஸுக்கு வால்கிரைண்ட் 3.11-இல், 2015-இல் அதிகாரபூர்வமாக வந்தது. நான் ஓம்னிஓஎஸ்ஸில் வால்கிரைண்டை ஓட்டிப் பார்த்தபோது தனக்குத் தெரியாத சிஸ்டம் கால் (கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) எண் ஒன்றைக் காட்டி எச்சரித்தது. அதற்குப் பிறகு அது சொன்ன பாதி விஷயத்தை நம்ப முடியவில்லை. சின்னச் சோதனை நிரல்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

2024 பிப்ரவரி 14

நிரலை அனுப்பியதற்கு நன்றி. வீட்டில் இருக்கும் ஓம்னிஓஎஸ் பெட்டியில், நீங்கள் கொடுத்த பழைய சீட்டுகளை ஊட்டி ஓட்டினேன். காலையிலிருந்து மாலை வரை ஒன்றும் இல்லை. அபார்ட்டும் இல்லை.

ஆனால் இதில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. லிப்யூமெம் ஓரத்துக் காவல் பைட்டை ஃப்ரீ நடக்கும்போதுதான் சரிபார்க்கும். உங்கள் நிரல் ஊர்ப்பெயர்களை மாலாக் செய்து ஓர் அட்டவணையில் வைக்கிறது, அமைப்புக் கோப்பை மறுபடி படிக்கும்வரை விடுவதே இல்லை. விடாத துண்டை அது திரும்பிப் பார்ப்பதில்லை.

அதனால் ஓடும்போதே ஜிகோர் அடித்தேன். நிரல் ஒரு கணம் நிற்கும், கோர் கோப்பு கிடைக்கும், நிரல் தொடர்ந்து ஓடும். அதை எம்டிபியில் திறந்து ::யூமெம்_வெரிஃபை. ஒவ்வொரு கிடங்கின் (ஒரே அளவுத் துண்டுகளின் தொகுப்பு) பெயருக்கும் எதிரே "சுத்தம்" என்று வரிசையாக வந்தது. 48 பைட் கிடங்குக்கு எதிரே மட்டும் கெட்ட துண்டுகள் இரண்டு.

2024 பிப்ரவரி 14, நள்ளிரவு

அந்தத் துண்டை உள்ளபடியே எழுதுகிறேன், இதைக் கண்ணால் பார்த்தால்தான் பிடிபடும்.

துண்டின் முதல் 16 பைட் மாலாக் தனக்காக வைத்துக்கொண்ட தலைப்பு. அதற்குப் பின்னால் உங்கள் எழுத்து. மூன்று பைட்டுக்கு ஒருமுறை இ0, இ0 என்று வருகிறது. தமிழ் யூனிகோடு எழுத்து ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8-இல் மூன்று பைட், முதல் பைட் எப்போதும் இ0. விரல்விட்டு எண்ணினேன், எட்டு இ0. இ0 ஏஇ ஏ4, இ0 ஏஇ பிஎஃப்: த, இகரக் குறி. அடுத்து ர, உகரம், ச, புள்ளி, ச, மறுபடி இகரக் குறி. திருச்சி. எட்டுக் குறி, 24 பைட்.

பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 16-இல் தொடங்கிய எழுத்து 39-இல் முடிகிறது. 40-ஆவது இடத்தில் பிபி என்ற காவல் பைட் இருக்க வேண்டும். இருந்தது 00.

அதற்கடுத்து பேட்கஃபேயின் துணுக்குகள் தொடாமல் கிடக்கின்றன. 48-இல் ஃபீட்ஃபேஸ், அதுவும் பத்திரம். அதன் பக்கத்தில் 2739 என்று ஓர் எண். அது கேட்ட அளவின் மறைகுறி: அளவை 251-ஆல் பெருக்கி ஒன்று கூட்டி வைப்பார்கள். பதினாறடியில் 2739 என்றால் பத்தடியில் 10041. அதை 251-ஆல் வகுத்தால் 40, மீதி 1. தலைப்பு 16 போனால் நிரல் கேட்டது 24. எழுதியது 25. சி மொழியில் எழுத்துச் சரத்தின் கடைசியில் வரும் அந்த ஒற்றைப் பூஜ்யத்துக்கு இடம் கேட்கவில்லை.

மாலாக்குக்குள் எழுத்தின் நீளம் சொல்லும் ஸ்டர்லென் மட்டும் கொடுத்துவிட்டு, அடுத்த வரியில் பூஜ்யத்தோடு நகலெடுக்கும் ஸ்டர்காபி. அதுதான்.

2024 பிப்ரவரி 15

ஸ்டாக் பதிவு வரவில்லையா என்று கேட்டீர்கள். வந்தது, அரைகுறையாக. பஃப்சிடிஎல்_ஆடிட்டில் லிப்யூமெம்முக்குள்ளேயே இருக்கும் செயற்கூறுகள் நான்கைந்து, அப்புறம் சம்பந்தமில்லாத ஒரு முகவரி, முடிந்தது. உங்கள் நிரலின் பெயர் ஒன்றும் இல்லை. 7-ஆம் தேதி ஆடிட்=30 போடச் சொன்னேனே, அது இங்கே உதவாத யோசனை. ஆழம் இங்கே பிரச்சினையில்லை. லிப்யூமெம் ஃப்ரேம் பாயின்டரை (ஒரு செயற்கூறிலிருந்து அதை அழைத்ததற்கு வழிகாட்டும் சுட்டி) பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறுகிறது. ஜிசிசி தொகுப்பி ஆப்டிமைஸ் செய்யும்போது அந்தப் பாயின்டரையே விட்டுவிடுவதுண்டு. கைப்பிடி இல்லாத ஏணியில் 15 படி வைத்தாலும் 30 படி வைத்தாலும் ஒன்றுதான்.

ஃப்ரேம் பாயின்டரை விடாதே என்ற கொடியோடு மறுபடி தொகுத்தேன். அப்புறம் ஸ்டாக் கண்ணாடி மாதிரி வந்தது. மாலாக்குக்கு மேலே ஊர்ப்பெயரைச் சேர்க்கும் செயற்கூறு, அதற்கு மேலே அமைப்புக் கோப்பைப் படிக்கும் செயற்கூறு, உச்சியில் மெயின். இனி இல்லுமோஸில் எதைத் தொகுத்தாலும் இந்தக் கொடி என் மேக்ஃபைலில் நிரந்தரம். அதனால் வேகம் குறைந்து நான் கண்டதில்லை.

2024 பிப்ரவரி 17

சரி, லினக்ஸில் மட்டும் ஏன் செத்தது? இதைத்தான் மூன்று நாளாக யோசித்தேன்.

லினக்ஸின் சி நூலகமான 64-பிட் ஜிலிப்சியில் 24 பைட் கேட்டால் பயன்படுத்தக் கிடைப்பது சரியாக 24. இருபத்தைந்தாவது பைட் பக்கத்துத் துண்டின் அளவு எழுதியிருக்கும் இடத்தின் கீழ் பைட். அங்கே பூஜ்யம் விழுந்தால் பக்கத்து வீட்டுக்காரனின் அளவே மாறிவிடும். அவனை விடுவிக்கும்போது ஜிலிப்சி கணக்கு உதைக்கிறது என்று நிரலை நிறுத்திவிடும். செய்தது ஒருவர், சாவது வேறொருவர் கையில். அதனால்தான் உங்கள் லினக்ஸ் கோர்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தைக் காட்டின.

இல்லுமோஸ் லிப்சியின் மாலாக் 64-பிட்டில் 16-இன் மடங்காக ஏற்றிக் கொடுக்கிறது. 24 கேட்டால் 32. லிப்யூமெம்மில் 40 என்பது 48 பைட் கிடங்கில் போய் உட்காரும். இரண்டிலும் எட்டு பைட் சும்மா கிடக்கிறது, பூஜ்யம் அங்கே விழுந்து தூங்கும். மூன்று வாரம் நிரல் விழாததற்கு அந்த எட்டு பைட்தான் காரணம்.

சேலம், மதுரை, ஈரோடு, கரூர் எல்லாம் ஐந்து குறி, 15 பைட். ஜிலிப்சி அதற்கும் 24 பைட் இடம் தரும், பூஜ்யத்துக்குத் தாராளமாக இடம் உண்டு. ஆகவே திருச்சி ஒன்றுதான் கொன்றிருக்கிறது.

2024 பிப்ரவரி 18

நேற்றைய கடைசி வரியைத் திருத்துகிறேன். கெட்ட துண்டுகள் இரண்டு என்று 14-ஆம் தேதி நானே எழுதியிருக்கிறேன், இரண்டும் திருச்சி என்று பார்க்காமலே நினைத்துக்கொண்டேன். இன்று இரண்டாவதைத் திறந்தேன். ந, கால், ம, க, புள்ளி, க, ல, புள்ளி. நாமக்கல். அதுவும் எட்டுக் குறி, 24 பைட்.

இன்னொன்றும் உறுத்துகிறது. சேலமும் மதுரையும் அதே வரியில்தானே பிறந்தன, அவையும் ஒரு பைட் மீறியிருக்க வேண்டுமே? ஏன் 32 பைட் கிடங்கு சுத்தம் என்று வந்தது? உங்கள் நிரலை மறுபடி படித்தேன். 16 பைட்டுக்கு உட்பட்ட பெயர்களை ஸ்ட்ரக்டுக்குள்ளேயே நிலையான இடத்தில் வைக்கிறீர்கள், நீளமானதற்குத்தான் மாலாக். அந்த இடம் 16 பைட், 15-உம் பூஜ்யமும் சரியாக அடங்குகிறது. ஆக நேற்று ஜிலிப்சி 24 தரும் என்று சேலத்துக்குச் சொன்ன விளக்கம் இங்கே பொருந்தாது. ஐந்து குறி ஊர்கள் மாலாக் பக்கமே வரவில்லை.

உங்கள் பட்டியலில் மாலாக்குக்கு வந்தது இந்த இரண்டு ஊர்தான். லினக்ஸில் செத்த நாட்களின் சீட்டுகளை எடுத்துப் பாருங்கள் என்று கேட்டிருந்தேன். "அமைப்புக் கோப்பைத் திருத்தி மறுபடி படிக்க வைத்த நாட்கள்" என்று பதில் வந்தது. அது இன்னும் நன்றாகப் பொருந்துகிறது, பழைய அட்டவணையைத் தூக்கிப் போட்டுப் புதிதாக நிரப்பும்போதுதான் பக்கத்துத் துண்டுகள் விடுவிக்கப்படுகின்றன.

2024 பிப்ரவரி 19

விடுவிக்க மறந்த நினைவகத்தைத் தேடும் ::ஃபைண்ட்லீக்ஸ் பற்றி ஒருவர் கேட்டார். அதே ஜிகோர் கோப்பில் அடிக்கலாம், ஆடிட் இருந்தால் ஒவ்வொரு கசிவுக்கும் ஸ்டாக் தரும். நிரல் முடியும் தருணத்தில் பார்க்க வேண்டுமானால் எம்டிபிக்குள் இருந்து ஓட்டி, எக்ஸிட் சிஸ்டம் காலில் நிறுத்தி வைத்து அடிக்கணும். ஸ்டாக்கில் தற்செயலாகக் கிடக்கும் பழைய எண்ணைக்கூட அது சுட்டி என்று நம்பும், அதனால் சில கசிவுகள் தப்பிக்கும். இந்த நிரலில் ஒன்றும் சிக்கவில்லை.

2024 மார்ச் 12

ஸ்டர்லென்னோடு ஒன்று கூட்டித் திருத்தி மூன்று வாரம் ஆகிறது. இடம் கேட்டு நகலும் எடுக்கும் ஸ்டர்டப் போடுங்கள் என்றுதான் சொன்னேன், இருக்கட்டும், இதுவும் சரியே. யூமெம்_டீபக்கை எடுக்காமல் அப்படியே ஓட விட்டதற்கு மகிழ்ச்சி, எடைமேடைக்கு அந்த வேகம் போதும்.

நேற்று அனுப்பிய ஜிகோரைத் திறந்தேன். ::யூமெம்_வெரிஃபையில் எல்லாக் கிடங்கும் சுத்தம். நாமக்கல் இருக்கும் துண்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். எட்டு இ0, 40-இல் 00, 41-இல் பிபி. ஃபீட்ஃபேஸுக்குப் பக்கத்தில் 2834.